ஒன்றரைச் சுற்று

புளியரைக்கு இந்தப் பக்கம்
பரோட்டாக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே
ஒரு நீலத் தகரப் பெட்டி.
அதுதான் புகைப் பரிசோதனை நிலையம்.
உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி,
ஜெபக்கனி.

நான் ஓட்டும் வண்டி பிறக்கும்போது இப்படி இல்லை.
ஆறு சக்கரம், ஒன்பது டன் என்று
ஆர்.சி. புத்தகம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.
பட்டையில் இரண்டு தகடு கூட்டினோம்.
வைக்கோல் ஏற்ற, பாடியை முழம் முழமாக உயர்த்தினோம்.
சைலன்சரின் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவியவர்
கடையநல்லூர் மைதீன்பிச்சை.
டீசல் பம்பின் ஈய முத்திரையைக்
குறட்டால் கடித்துத் துப்பிவிட்டு
ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று திறந்ததும் அவர்தான்.
"இனி ஆரியங்காவு ஏத்தத்துல
மூணாம் கியர்ல பாட்டு கேட்டுக்கிட்டே போவலாம்வே."

போனேன். நாலு வருஷம்.
எனக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாது.
கண்ணாடியில் பட்டப்பகலிலும் ராத்திரி.

போன மாதம் சீட்டு இல்லாமல் மாட்டினேன்.
ரசீதில் இருந்த தொகை என் மூன்று நடைக் கூலி.
முதலாளி மாசானம் பாதி தருகிறேன் என்றார்.
எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

ஜெபக்கனி குழாயைச் செருகினாள்.
"மிதிங்க அண்ணாச்சி. அடி வரைக்கும்."
மிதித்தேன்.
பரோட்டாக் கடையில் சால்னா வாளியை மூடினார்கள்.
எண்பத்தெட்டு.
அறுபத்தைந்துக்குள் வரவேண்டும்.

மௌஸுக்கு அடியில்
ஒரு இருநூறு ரூபாயை மடித்துவைத்தேன்.
அவள் மௌஸைத் தூக்கினாள்.
விசிறிக் காற்றில் நோட்டு பறந்து
என் செருப்புக்கே வந்து சேர்ந்தது.

டூல் பாக்ஸைத் திறந்தேன்.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
ஒரு கன்றுக்குட்டிக்குக் காணும் வைக்கோல்தூசி.
எழுபத்தொன்று.

இனி ஸ்க்ரூதான்.
ஒரு சுற்று உள்ளே.
அறுபத்தாறு.
"ஒண்ணுதானேம்மா."
அவள் பதில் சொல்லவில்லை.
முகத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவில்
மூக்கு இருக்கும் இடத்தில்
இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

மிச்ச அரைச் சுற்று.
ஐம்பத்தொன்பது.
நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தாள்.
சீட்டு சூடாக வந்தது.
ஆறு மாதத்துக்கு நான் யோக்கியன்.

ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பையிலேயே இருந்தது.
திட்டம் இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:
செக்போஸ்ட் தாண்டு,
முதல் வளைவில் ஓரங்கட்டு,
மூடியதைத் திற.

மழை. ஓரங்கட்ட இடமில்லை.
இரண்டாம் கியரில் வண்டி
பிரசவ ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறவளைப் போல
நின்று நின்று ஏறியது.
பின்னால் ஹாரன், ஹாரன், ஹாரன்.
எரிச்சலில் கண்ணாடியைப் பார்த்தேன்.

சாலை இருந்தது.
ஈரத் தேக்கிலைகள் ஒட்டிக் கிடந்தன.
ஒரு ஸ்கூட்டர், மஞ்சள் மழைக்கோட்டு,
பின்சீட்டில் கயிறு கட்டிய மீன்பெட்டி.
ஓட்டுகிறவருக்கு முகம் இருந்தது.
அது என்னை மலையாளத்தில்
முழு முழு வாக்கியமாகத் திட்டிக்கொண்டிருந்தது.
நாலு வருஷத்தில்
எனக்குப் பின்னால் நான் பார்த்த முதல் ஆள்.
கையை வெளியே நீட்டி வழிவிட்டேன்.
தாண்டும்போதும் திட்டினார்.

மாசானம் போனில் கேட்டார்:
"இன்னுமா தென்மலை தாண்டல?"
"மழை" என்றேன்.

புனலூரில் வைக்கோல் இறங்கும் நேரத்தில்
பம்புக்குக் கீழே படுத்தேன்.
முக்கால் சுற்று திறந்தேன்.
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.
கால் சுற்று மூடினேன்.

கண்ணாடியில் இப்போது எந்நேரமும் அந்தி.

திரும்புகையில்
அந்த நீலப் பெட்டியை
நியூட்ரலில் கடந்தேன்.